எந்தப் பவர்?

ஆங்கிலத்தில் 'பவர்' என்று ஒற்றைச் சொல்லை எழுதித் தந்து, இதற்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், என்ன என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தப் பவர் என்று திருப்பிக் கேட்பேன். சுவரில் இருக்கும் பிளக்கில் வருவது என்றால் அது 'ஷ்ட்ரோம்'. மோட்டாரின் தகட்டில் கிலோவாட் கணக்கில் பொறித்திருப்பது 'லைஸ்டுங்'. ஆட்சியில் இருப்பவர் கையில் இருப்பது 'மஹ்ட்'. தசையில் இருப்பதும், அணுவோடு சேர்த்துச் சொல்வதும் 'கிராஃப்ட்'. நாடாளுமன்றம், அரசாங்கம், நீதிமன்றம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது 'கெவால்ட்'. கணிதத்தில் பத்தின் அடுக்கு, இரண்டின் அடுக்கு என்று வருவது 'பொட்டென்ட்ஸ்'. ஒரு அதிகாரிக்குச் சட்டம் கொடுத்திருப்பது 'பெஃபூக்னிஸ்'. எனக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுப்பது 'ஃபொல்மஹ்ட்'. காரின் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பவர் அங்கே 'ஸெர்வோ' ஆகிவிடும். பட்டியல் இன்னும் நீளும்.

இப்படிக் கேட்பதுதான் என் தொழிலின் பாதி. ஆங்கிலத்தில் வரும் இயந்திரக் கையேடுகள், ஒப்பந்தங்கள், மின்நிலைய ஆவணங்கள் இவற்றை டொச்சுக்கு மாற்றிக் கொடுத்தே இத்தனை காலமும் குடும்பம் நடத்தியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இதற்குள் வந்தபோது ஒரு சொல்லுக்காக ஆளைத் தேடிப் போய்க் கேட்பது வேலையின் பகுதியாக இருந்தது. இன்று சொல் தானாக வந்து நிற்கிறது. கேட்பதற்கு இடம் சுருங்கிவிட்டது. இரண்டு காலத்தையும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே என்ன கிடைத்தது, எதை விட்டுவிடக் கூடாது என்று சொல்ல விரும்புகிறேன்.

கரும்பலகையில் மூன்று சொல்

யாழ்ப்பாணத்தில் படித்த விஞ்ஞானப் புத்தகத்தில் விசை வேறு, சக்தி வேறு, வலு வேறு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இவையே விசை, ஆற்றல், திறன் என்று வரும். எங்கள் வாத்தியார் இந்த மூன்றையும் மாற்றிச் சொன்னால் விடமாட்டார். சைக்கிளை மிதிப்பது விசை; மிதித்து முடித்ததில் செலவானது சக்தி; எவ்வளவு விரைவாகச் செலவழித்தாய் என்பது வலு. இதை மனதில் ஏற்றிக்கொண்டுதான் 1985 இன் தொடக்கத்தில் பெற்றோருடன் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன்.

ஹம் நகரப் பள்ளிக்கூடத்தில் பௌதிக வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: கிராஃப்ட், எனெர்கீ, லைஸ்டுங். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலகை எழுதினார். நியூட்டன் என்று கண்டதும் இது விசை என்று தெரிந்தது. ஜூல் என்றால் சக்தி. வாட் என்றால் வலு. டொச் தெரியாத பிள்ளைக்கு அன்று டொச் சொல்லிக் கொடுத்தது அந்த அலகுகள்தான். எதை அளக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் சொல் பின்னால் வந்துவிடும். மொழிபெயர்ப்பில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். இன்றுவரை அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

டொச்சும் இந்த ஒழுங்குக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1847 இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சக்தி அழிவதில்லை என்ற விதியை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரைக்கு வைத்த தலைப்பில் இருந்தது 'கிராஃப்ட்' என்ற சொல்தான். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1842 இல், ரோபர்ட் மாயரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார். இருவரும் சொல்ல வந்தது இன்று நாம் எனெர்கீ என்று சொல்வதை. விஞ்ஞானம் பிறகு சொற்களைப் பிரித்து வைத்தது. பேச்சுமொழி பழையதை விடவில்லை. மின்நிலையத்துக்கு இன்றும் 'கிராஃப்ட்வெர்க்' என்றே பெயர். அங்கே உற்பத்தியாவது நியூட்டனில் அளக்கும் விசை அல்ல என்று எல்லோருக்கும் தெரியும்.

குதிரைவலுவிலும் ஒரு சிறு பொறி உண்டு. ஆங்கிலேயரின் குதிரைவலு 745.7 வாட். ஜேர்மனியில் 'பே எஸ்' என்று சொல்லும் குதிரைவலு 735.5 வாட். ஆங்கிலக் கையேட்டில் 100 என்று இருந்தால் இங்கே 101.4 என்று வரவேண்டும். 1978 முதல் சட்டப்படியான அலகு கிலோவாட்தான் என்றாலும், டிராக்டர் வாங்கும் விவசாயி இன்றும் பே எஸ் கேட்டுத்தான் வாங்குகிறார். அவருக்கு எழுதும்போது இரண்டையும் எழுதுவேன்.

விறகு பிளக்கும் இயந்திரம்

பள்ளி முடிந்து ஒரு பட்டறையில் தொழிற்பயிற்சி பெற்றேன். பிறகு வர்த்தக சம்மேளனம் நடத்தும் மொழிபெயர்ப்பாளர் தேர்வை எழுதி இந்தத் தொழிலுக்கு வந்தேன். அப்போது மேசையில் இருந்தவை: மஞ்சள் அட்டை லாங்கன்ஷைட் அகராதி, ரிஷார்ட் ஏர்ன்ஸ்ட்டின் தொழில்நுட்ப அகராதி, ஒரு ஃபாக்ஸ், ஒரு தொலைபேசி, சொற்களை எழுதி அடுக்கிய அட்டைப்பெட்டி. கூலி வரிக்கு இவ்வளவு என்று. இடைவெளியையும் சேர்த்து 55 எழுத்து ஒரு வரி, 'நோர்ம்ட்ஸைலெ' என்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றின் கையேடு வந்தது. காப்பு மூடியைத் திறப்பதற்கு முன் பவரைத் துண்டிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை. அகராதியைத் திறந்தால் 'பவர்' என்பதற்குக் கீழே பத்தி பத்தியாகச் சொற்கள். அத்தனையும் சரியான சொற்கள். ஆனால் இந்த வரிக்கு எது என்று எந்த அகராதியும் சொல்லாது. மின்சாரத்தைத் துண்டிக்கவும் என்று எழுதிவிட்டுப் போகலாம். பத்தில் ஒன்பது கையேட்டில் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் படங்களைப் பார்த்தபோது ஒரு படத்தில் வயர் இருந்தது, இன்னொரு படத்தில் வயரே இல்லை.

உற்பத்தியாளருக்கு ஃபாக்ஸ் அனுப்பிவிட்டு, பக்கத்து ஊரில் விவசாய இயந்திரம் விற்கும் ஒருவரின் முற்றத்துக்குப் போனேன். வயதான ஒரு மெக்கானிக் என்னை ஒரு டிராக்டரின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். கைப்பிடி தடிப்பில், நீளவாக்கில் ஆறு பள்ளம் வெட்டிய ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. அதுதான் 'ட்ஸாப்ஃவெல்ல'. டிராக்டரின் எஞ்சினில் இருந்து சுழற்சியை வெளியே எடுத்துக் கொடுக்கும் தண்டு. அதோடு மூட்டுத் தண்டு ஒன்றைப் பொருத்தினால் விறகு பிளப்பதும் ஓடும், புல் வெட்டுவதும் ஓடும். நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது சுற்று. மூட்டுத் தண்டின் மேலே மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் போட்டு, அந்தக் குழாய் சேர்ந்து சுழலாமல் இருக்கச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். சட்டைக் கையின் ஒரு நூல் அகப்பட்டாலும் ஆளையே இழுத்துவிடும் என்று தன் கையை விலக்கி வைத்துக்கொண்டு சொன்னார்.

"இதில் துண்டிக்க மின்சாரமே கிடையாது," என்றார் அவர். "தண்டை நிறுத்தவேண்டும், எஞ்சினை நிறுத்தவேண்டும், சாவியை எடுக்கவேண்டும். அதற்குப் பிறகும் சுழற்சி நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். இதை எழுதுங்கள்."

அதைத்தான் எழுதினேன். மின்மோட்டார் உள்ள இயந்திரத்துக்கு: பிளக்கைக் கழற்றவும். டிராக்டரில் ஓடும் இயந்திரத்துக்கு: அவர் சொன்ன நான்கு படி. ஆங்கிலத்தில் ஒரு வசனம் டொச்சில் இரண்டாகியது. பிறகு உற்பத்தியாளரிடம் இருந்தும் ஃபாக்ஸ் வந்தது. நீங்கள் கேட்டது சரி, ஆங்கிலத்தையும் திருத்துகிறோம் என்று. மொழிபெயர்ப்பாளர் கேட்ட கேள்வி மூலத்தையே திருத்தியது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதையாக அதைத்தான் நினைக்கிறேன்.

கசாப்புக்காரரிடம் போன லூதர்

டொச் மொழிபெயர்ப்பின் வரலாற்றில் இரண்டு பேரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஒருவர் கற்பனைப் பாத்திரம், மற்றவர் உண்மையில் வாழ்ந்தவர்.

கோதேயின் 'ஃபவுஸ்ட்' முதல் பாகம் 1808 இல் வெளிவந்தது. அதில் ஃபவுஸ்ட் இரவில் தன் அறையில் இருந்து யோவான் நற்செய்தியின் தொடக்கத்தை டொச்சில் மாற்றப் பார்க்கிறான். கிரேக்கத்தில் உள்ள 'லோகோஸ்' என்ற சொல்லுக்கு முதலில் 'சொல்' என்று எழுதுகிறான், பிடிக்கவில்லை. பிறகு 'கருத்து'. பிறகு 'கிராஃப்ட்'. கடைசியில் 'செயல்' என்று முடிக்கிறான். பல பொருள் கொண்ட ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும் மனிதனை இலக்கியத்தில் இவ்வளவு நெருக்கமாகக் காட்டியவர்கள் குறைவு. ஆனால் ஃபவுஸ்ட் யாரையும் கேட்கவில்லை. அவனுக்கு எது பிடித்ததோ அதுதான் பொருள். அந்த நேரத்தில் நாய் வடிவில் அறைக்குள் உறுமிக்கொண்டிருப்பது சாத்தான் என்பதையும் கோதே சும்மா வைக்கவில்லை.

மார்ட்டின் லூதர் வேறு மாதிரி. 1530 இல் கோபர்க் கோட்டையில் இருந்து மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஒரே ஒரு சொல்லைத் தேடி வாரக்கணக்கில் அலைந்ததையும், யோபுவின் புத்தகத்தில் நான்கு நாளில் மூன்று வரியைக்கூட முடிக்க முடியாமல் இருந்ததையும் அதில் சொல்கிறார். வீட்டில் தாயையும், தெருவில் பிள்ளைகளையும், சந்தையில் சாதாரண மனிதனையும் கேட்கவேண்டும் என்பது அவர் வைத்த விதி. பலி கொடுக்கும் ஆட்டின் உறுப்புகளுக்குச் சரியான பெயர் வேண்டும் என்று கசாப்புக்காரரை வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டார் என்று அவருடைய மாணவர் யோஹன்னஸ் மத்தேசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். நான் லூதரின் கட்சி. கசாப்புக்காரர் நின்ற இடத்தில் எனக்கு டிராக்டர் மெக்கானிக் நின்றார்.

நான்கு வல்லரசும் ஒரு ஒப்பந்தமும்

இயந்திரத்தில் தவறினால் கை போகும். அரசியலில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜேர்மனியே சாட்சி. எங்கள் குடும்பம் இங்கே வந்த வழியும் அதோடு தொடர்புபட்டிருக்கிறது.

போருக்குப் பிறகு பெர்லினைப் பொறுப்பேற்ற நான்கு நாடுகளையும் ஆங்கிலத்தில் 'ஃபோர் பவர்ஸ்' என்பார்கள். டொச்சில் 'ஃபியர் மெஹ்ட்ட', நான்கு மஹ்ட். 1971 செப்டம்பர் 3 இல் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பெர்லின் பற்றி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன் மூன்றில் மட்டுமே அதிகாரபூர்வமானது. ஒப்பந்தம் ஜேர்மன் நகரத்தைப் பற்றியது. ஜேர்மன் மொழியில் மட்டும் கட்டுப்படுத்தும் பிரதி இல்லை. தலைப்பிலேயே பிரிவு தொடங்கியது. மேற்கு ஜேர்மனி அதை நான்கு வல்லரசுகளின் ஒப்பந்தம் என்றது. கிழக்கு ஜேர்மனி நாற்தரப்பு ஒப்பந்தம் என்றது.

அதைவிடப் பெரிய சண்டை 'டைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் வந்தது. மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையில் 'டைஸ்' பேணி வளர்க்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்தச் சொல்லுக்குக் கட்டு, பிணைப்பு, உறவு, தொடர்பு என்று எல்லாப் பொருளும் உண்டு. மேற்கு அதை 'பிண்டுங்கன்' என்று மொழிபெயர்த்தது: ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பது. கிழக்கு 'ஃபெர்பிண்டுங்கன்' என்றது: ரயில் பாதை, தொலைபேசி போன்ற தொடர்புகளுக்கும் பொருந்துவது. சொல்லின் முன்னால் ஒரு அசைதான் வித்தியாசம். மேற்கு பெர்லின் மேற்கு ஜேர்மனியைச் சேர்ந்ததா, அல்லது அதோடு போக்குவரத்து வைத்திருக்கும் தனி இடமா என்ற கேள்வி அந்த ஒரு அசைக்குள் இருந்தது. இரண்டு அரசும் ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றி வாதாடின. இங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்டாலும் பதில் கிடைத்திருக்காது. பொருளைத் திறந்து வைத்திருப்பதில்தான் ஒப்பந்தமே நின்றது.

அந்தத் திறந்து வைத்த நிலையின் வழியாகத்தான் எங்கள் ஆட்கள் உள்ளே வந்தார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸ நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். நகரத்தின் நடுவில் ஓடும் கோட்டை மேற்குத் தரப்பு நாட்டு எல்லை என்று ஏற்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனையும் வைக்கவில்லை. எண்பதுகளில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் அப்படி வந்தார்கள். 1985 இன் நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எங்களுக்கு அடைத்தது. நாங்கள் அதற்குச் சற்று முன்னால் வந்துவிட்டோம்.

வந்து கொஞ்ச நாளில் அப்பாவுக்குப் 'பவர்' இன்னொரு வடிவத்தில் எதிரே வந்தது. அகதி விண்ணப்பத்தைக் கவனிக்கும் வழக்கறிஞர் ஒரு தாளை நீட்டினார். மேலே 'ஃபொல்மஹ்ட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முழு அதிகாரம் என்று நான் சொல்லைப் பிரித்துச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது.

"எல்லாத்தையும் அவருக்கு எழுதிக் குடுக்கிறமோ?" என்று கேட்டார்.

வழக்கறிஞரிடம் கேட்டு, இது இந்த வழக்கில் எங்களுக்காகப் பேசவும் எழுதவும் மட்டும்தான், விரும்பினால் திரும்பப் பெறலாம் என்று விளங்கிக்கொண்டேன். அப்பாவிடம் வந்து, இது எங்கட ஊர் அற்றோணித் தத்துவம் என்றேன். அப்பா உடனே கையெழுத்துப் போட்டார். ஊரில் காணி எழுதும் நொத்தாரிசிடம் அந்தத் தாளை அவர் பலமுறை கண்டவர். இலங்கைச் சட்டத் தமிழில் பவருக்குத் 'தத்துவம்' என்று பெயர் வைத்தவர்களுக்கு என் நன்றி. பயந்துபோயிருந்த ஒரு மனிதருக்கு அந்தச் சொல் அன்று நிம்மதி கொடுத்தது.

நினைவகமும் அதற்குப் பின்னால் வந்தவையும்

1984 இல் ஷ்டுட்கார்ட்டில் தொடங்கிய ட்ராடோஸ் என்ற நிறுவனம் தொண்ணூறுகளில் மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருளை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தது. ஒரு வசனத்தை ஒருமுறை மொழிபெயர்த்தால் அது சேமிக்கப்படும். அதே வசனம் மறுபடி வந்தால், எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், பழைய மொழிபெயர்ப்பு தானாக வந்து உட்காரும். நூறு வீதப் பொருத்தம் என்பார்கள். நீளமான கையேடுகளில் இது எங்களுக்குக் கொடுத்த விடுதலையை மறக்கமாட்டேன். ஒரே எச்சரிக்கையை இருபது முறை தட்டச்சுச் செய்த காலம் அதோடு போனது.

ஆனால் அந்த முறை ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: மூலத்தில் ஒன்று என்றால் இலக்கிலும் ஒன்று. நீண்ட வசனத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பவர் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பொருந்தாது. ஆன் செய்யும் பொத்தானில் இருக்கும் பவரும், கிலோவாட் காட்டும் கட்டத்தின் பவரும் எழுத்தில் ஒன்று. பிறகு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் ஒப்பிடும் வசதியைச் சேர்த்தார்கள். அது ஓரளவு உதவியது. விலையோ பொருத்தத்தின் வீதத்தைப் பார்த்துக் குறைந்துகொண்டே போனது.

அடுத்த பெரிய மாற்றம் 2016 இன் கடைசியில் கூகிளின் நரம்பு வலையமைப்பு மொழிபெயர்ப்பு முறையோடும், 2017 ஓகஸ்டில் கேல்ன் நகரத்தில் இருந்து வந்த டீப்எல்லோடும் வந்தது. இவை அகராதியைப் பார்த்துச் சொல்லை மாற்றுவதில்லை. வசனம் முழுவதையும் எடுத்து, சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு பொருளைக் கணிக்கின்றன. இரவில் பவர் போனது என்றால் ஷ்ட்ரோம் வருகிறது. இராணுவம் பவரைப் பிடித்தது என்றால் மஹ்ட் வருகிறது. பத்தின் மூன்றாம் பவர் என்றால் பொட்டென்ட்ஸ். நான் அகராதியில் விரலை ஓட்டித் தேடியதைக் கண்சிமிட்டும் நேரத்தில் செய்துவிடுகின்றன. இதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன், இன்றும் மகிழ்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு வரும் காப்புறுதிக் கடிதத்தை விளங்கிக்கொள்ள இனிப் பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து மறித்து வைக்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளையாக இருந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

சிக்கல் சுற்றிலும் சொல் இல்லாத இடத்தில். இன்று எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி கையேடு அல்ல. எக்செல் தாளில் அடுக்கிய திரைச்சொற்கள். தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டுத் திரைக்கு எச்சரிக்கைப் பட்டியல் வந்தது. அதில் ஒரு கட்டத்தில் இரண்டே சொல்: 'பவர் லொஸ்'. டொச்சுக் கட்டத்தில் இயந்திரம் முன்கூட்டியே ஒரு சொல்லை நிரப்பியிருந்தது: 'ஃபெர்லுஸ்ட்லைஸ்டுங்'. பிழையான சொல் என்று யாரும் சொல்ல முடியாது. மின்சாதனம் வெப்பமாக இழக்கும் வலுவுக்கு அதுதான் கலைச்சொல். ஆனால் பம்பின் வலு குறைந்துபோனால் அது 'லைஸ்டுங்ஸ்ஃபெர்லுஸ்ட்', இதே இரண்டு சொல்லும் இடம் மாறியது. நிலையத்துக்கு வரும் மின்சாரமே நின்றுபோனால் 'ஷ்ட்ரோம்அவுஸ்ஃபால்'. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் அந்த எச்சரிக்கையைப் பார்க்கும் பணியாள் முதலாவதைக் கண்டால் காலையில் பார்க்கலாம் என்று விடுவார், இரண்டாவதைக் கண்டால் பம்பை அடைத்தது என்ன என்று பார்க்கப் போவார், மூன்றாவதைக் கண்டால் மின்பிறப்பாக்கியை இயக்க ஓடுவார். மூன்று சொல், மூன்று வேலை.

கேள்வியை அனுப்பினேன். கேள்விகளுக்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் எழுதினால் முகவர் நிறுவனம் ஒன்றின் ஊடாக வாடிக்கையாளருக்குப் போகும். பதில், வேலையை ஒப்படைத்த பிறகு வந்தது: மின்சாரம் நிற்பதுதான். ஒப்படைக்கும்போதே பக்கத்தில் குறிப்பு எழுதி, ஷ்ட்ரோம்அவுஸ்ஃபால் என்றே கொடுத்திருந்தேன். பட்டியலில் அடுத்த வரி அவசர மின்பிறப்பாக்கியைப் பற்றியதாக இருந்தது என்பதால். அந்தக் கட்டத்துக்குக் கணக்கு இரண்டு சொல். அதுவும் இயந்திரம் ஏற்கெனவே நிரப்பியது என்பதால் திருத்தும் விலை. கேள்விக்கு விலை இல்லை.

இங்கேதான் எனக்குக் கவலை. இயந்திரம் சொல்லைத் தேர்வதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் தெரியாதபோது தெரியாது என்று அது நின்று கேட்பதில்லை. வெறும் கட்டத்தைக் கண்டாலும் ஒன்றை நிரப்பிவிடுகிறது. நிரப்பிய கட்டம் முடிந்த வேலை போலத் தோன்றுகிறது. அதைப் பார்த்து நேரமும் கூலியும் குறைக்கப்படுகின்றன. கேட்கக்கூடிய மனிதரிடம் கேட்பதற்கான நேரம் பறிபோகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திர நெறிமுறை 2009 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பயன்படுத்தும் நாட்டின் மொழியில் கையேடு இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் மூலக் கையேட்டின் மொழிபெயர்ப்பு என்று அதில் எழுதியிருக்கவும் வேண்டும். 2027 ஜனவரியில் அதன் இடத்துக்கு வரும் புதிய சட்டமும் மொழிக் கடமையை விட்டுவிடவில்லை. யார் மொழிபெயர்த்தாலும், எதைக் கொண்டு மொழிபெயர்த்தாலும், விறகு பிளப்பவரின் கைக்கு மனிதர்தான் பொறுப்பு.

டொச்சுக்குள் வந்த பவர்

இதற்கிடையில் டொச்சே இந்தச் சொல்லை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டது. 'பவர்' இன்று டுடன் அகராதியில் இருக்கிறது. உற்சாகம் மிகுந்தவருக்குப் பவர் இருக்கிறது என்கிறார்கள். மின்சாரத்தைக் கொண்டு வாயு செய்யும் தொழில்நுட்பத்தை 'பவர் டு கேஸ்' என்றே எழுதுகிறார்கள். விளையாடிக் களைத்துப்போவது 'அவுஸ்பவர்ன்'. இதே எழுத்தில் பழைய சொல் ஒன்றும் உண்டு. அது 'அவுஸ்போவர்ன்' என்று ஒலிக்கும். ஏழை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது; சுரண்டி ஏழையாக்குவது என்று பொருள். ஒரே எழுத்துக்கூட்டலில் பவரும் வறுமையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மொழியில் பிரியமுள்ளவனுக்கு இப்படி ஒன்றைக் காண்பது பெரும் சந்தோஷம்.

சில இடத்தில் சொல்லைத் தேர்வதே ஒரு பக்கம் சேர்வதாகிவிடும். 'நியூக்ளியர் பவர்' என்பதற்கு 'அட்டோம்கிராஃப்ட்' என்றும் 'கேர்ன்கிராஃப்ட்' என்றும் இரண்டு சொல். எதிர்ப்பாளர் பதாகையில் முதலாவது. தொழில்துறையின் அறிக்கையில் பெரும்பாலும் இரண்டாவது. 2023 ஏப்ரல் 15 இல் கடைசி மூன்று உலைகளும் நிறுத்தப்பட்ட பிறகும் அந்தப் பிரிவு சொல்லில் நீடிக்கிறது. ஆவணம் யாருடைய குரல் என்று கேட்டுத்தான் நான் எழுதுவேன்.

எங்கள் ஹம் நகரில் இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் 2002 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. தோரியம் கொண்டு இயங்கி 1989 இல் நிறுத்தப்பட்ட அணுஉலை நின்றதும் அதே ஊன்ட்ரொப்பில்தான். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா எங்கும் இருந்து எங்கள் ஆட்கள் வருகிறார்கள். டொச்சுக்காரரும் நிறைய வருவார்கள். சக்தி என்றால் என்ன என்று கேட்பார்கள். வலுவா, ஆற்றலா, அதிகாரமா? பௌதிகம் தெரிந்தவருக்கு ஒரு மாதிரியும், தேவாலயத்துக்குப் போகிறவருக்கு இன்னொரு மாதிரியும் விளக்குவேன். பெரும்பாலும் 'கிராஃப்ட்' என்று தொடங்குவேன். ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்துக் கிராஃப்ட்: அழியாதது, வடிவம் மாறுவது.

என் அண்ணனின் மகள் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கிறாள். போன வருடத் திருவிழாவில் கேட்டாள்: "சித்தப்பா, எல்லாத்தையும் மெஷினே செய்யுதே. நான் இதைப் படிச்சு என்னத்துக்கு?"

அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மெஷின் தரும் சொல்லை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள். ஆனால் வேலையை ஏற்கும்போதே மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கு: திரையின் படம், இயந்திரத்தின் படம், கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் பெயர். கேட்பதற்கான நேரத்தையும் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடு. ஒரு வாடிக்கையாளர் ஏன் என்று கேட்டால், மூன்று எச்சரிக்கையில் பணியாள் எதற்கு எழுந்து ஓடவேண்டும் என்று அவரிடமே கேள். பதில் சொல்லத் தெரிந்தவர் பணம் தருவார். நானும் இப்போது அந்த வரியைப் போடுகிறேன். சிலர் வெட்டுகிறார்கள், சிலர் ஏற்கிறார்கள். ஏற்கிறவர்களின் எண்ணிக்கை கூடவேண்டும் என்றால், இளையவர்கள் எல்லோரும் அதைப் போடத் தொடங்கவேண்டும்.